கல் குவியலுக்கு அந்தப் பக்கம்

முக்லிஃப் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை, ஃபகா விஷயம் ஒன்றைத் தவிர. சவூதியின் வடக்குக் கோடியில் இருக்கிற ரஃப்ஹா ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஒட்டகம் விற்கும்போது அதன் நொண்டிக் காலைத் தானே தொட்டுக் காட்டிவிட்டு விற்கிற மனுஷன் அவர். ஆனால் குளிர்காலத்து முதல் மழை இடியோடு இறங்கிவிட்டால் போதும், வாயைத் திறந்தால் பொய்தான். எங்கே போகிறீர்கள் என்றால் தெற்கே என்பார். வண்டி வடக்கே போகும்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருமே அப்படித்தான். ஃபகா என்பது மண்ணுக்கடியில் தானாகத் திரளும் காளான். பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும், ருசியில் ஆட்டுக்கறிக்கு அண்ணன். விதைக்கவும் முடியாது, வளர்க்கவும் முடியாது. இடம் தெரிந்தவனுக்கு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், தெரியாதவன் நாளெல்லாம் குனிந்து இடுப்பு பிடித்துப்போய் வீடு திரும்புவான். அதனால் பெண்டாட்டி பிள்ளைக்குக்கூட இடத்தைச் சொல்லமாட்டார்கள்.

முக்லிஃபுக்கு அப்படி ஒரு இடம் இருந்தது. கூடப் பிறந்த தம்பிக்கே காட்டாதது. மூன்று மகன்களில் எவனையும் அங்கே கூட்டிப் போனதில்லை. சாப்பிடுகிற சோற்றைக்கூடப் போனில் படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிற பயல்களை நம்பி எப்படிக் கூட்டிப் போவது? இந்த வருஷம் மகள் ஹெஸ்ஸாவைக் கூட்டிப் போனார். ரியாதில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவள், லீவில் வந்திருந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து "என்னையும் கூட்டிட்டுப் போங்க வாப்பா" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்து, பிறகு கேட்பதையே விட்டிருந்தாள். அவராகக் கூப்பிட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் முக்லிஃப் கையை நீட்டினார். "போனைக் கொடு."

"எதுக்கு வாப்பா?"

"அது நம்மளக் காட்டிக் கொடுக்கும்."

"ஏதோ களவுக்குப் போற மாதிரியில்ல இருக்கு."

"களவுன்னா இவ்வளவு யோசிக்க வேணாம். கொடு."

அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இரண்டு போன்களையும் அணைத்து வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தார் ரோட்டை விட்டு இறங்கியதும் டயர்களில் காற்றை இறக்கினார். பிறகு முள்செடிக் கட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பிக்கப்பின் பின்னால் தொங்கவிட்டார். அது மண்ணைக் கூட்டிக்கொண்டே வந்து டயர் தடத்தை அழித்துவிடும்.

"உம்மாகிட்ட என்ன சொன்னீங்க?" என்று ஹெஸ்ஸா கேட்டாள்.

"கிழக்கே, உன் மாமி கூடாரத்துக்குப் போறோம்னு."

"நமக்கு ஏதாவது ஆச்சுன்னா கிழக்கேதானே தேடுவாங்க?"

"நமக்கு என்ன ஆகும்? வாயைக் கழுவு."

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். பிக்கப்பைத் தாழ்வான பள்ளத்தில், ஒரு இலந்தை மரத்துக்குக் கீழே, வெளியே இருந்து பார்த்தால் தெரியாதபடி நிறுத்திக் கூடாரம் அடித்தார்கள். இருட்டுவதற்குள் கிடைத்த நாலைந்து ஃபகாவைத் தணலில் புதைத்துச் சுட்டு, நெய்யில் புரட்டிச் சாப்பிட்டார்கள். கஹ்வாக் காப்பியை ஊற்றிக் கொடுத்தபோது முக்லிஃப் கிழக்கே கை காட்டினார். வெறும் சரளைத் தரை. அதில் தூரத்தில் கற்களை அடுக்கி வைத்த ஒரு குவியல்.

"அதோ தெரியுதா? அதுதான் எல்லை. அதுக்கு அந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது. தஹல் இருக்கு."

தஹல் என்றால் பூமி வாயைப் பிளந்து கிடக்கிற பள்ளம். மேலே ஒரு ஆள் புகுகிற வாய்தான், கீழே எவ்வளவு தூரம் போகிறதென்று யாருக்கும் தெரியாது. தரை மட்டத்திலேயே இருப்பதால் பக்கத்தில் போகும்வரை கண்ணுக்கே படாது.

"எவ்வளவு ஆழம் வாப்பா?"

"நான் வாலிபனா இருந்தப்ப என் கண்ணு முன்னால ஒரு ஆடு விழுந்துச்சு. அடியில போய் மோதின சத்தமே வரல."

மறுநாள் சூரியன் கிளம்பும்போதே இருவரும் இறங்கிவிட்டார்கள். வெயில் சாய்வாக விழுகிற நேரம்தான் ஃபகாவுக்கு நேரம். உள்ளே திரண்டது மண்ணை லேசாக மேலே தள்ளி வெடிக்க வைத்திருக்கும், அந்த வெடிப்பின் நிழல் அப்போதுதான் தெரியும். ஹெஸ்ஸாவுக்குக் கண் கூர்மை. சின்னக் கம்பியால் மெல்லக் கிண்டி, வெள்ளை வெளேரென்று ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டாள். "வாப்பா, இங்க பாருங்க, என் கைமுட்டி சைஸ்" என்று காட்டினாள். முக்லிஃபுக்குப் பெருமை தாங்கவில்லை. மகன்கள் மூன்று பேரும் சேர்ந்தாலும் இவளுக்கு ஈடாகமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது.

மேற்கே ஒரு மேட்டின்மேல் லேண்ட் க்ரூஸர் ஒன்று ஏறி நின்றது. முக்லிஃப் சாக்கை இலந்தை மரத்தடிக்கு இழுத்துப்போய்ப் போர்வையால் மூடினார்.

"நம்மளப் பாத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. நீ ஒண்ணு பண்ணு. இப்படியே பள்ளத்தோட ஓரமா கிழக்கே போ. அந்தச் சரளைத் தரையில ஏறி, அவங்க கண்ணுல படுற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கு."

"அங்க ஒண்ணுமே இல்லையே."

"இல்லாததாலதான் போகச் சொல்றேன். அங்கதான் ஃபகா இருக்குன்னு நினைச்சு அந்தப் பக்கம் இறங்குவாங்க. ஒண்ணும் கிடைக்காம சலிச்சுப்போய்க் கிளம்பிடுவாங்க."

"பாவம் வாப்பா."

"என்ன பாவம்? போன வருஷம் ஒருத்தன் என்னையே இப்படி ஒரு நாள் முழுக்கக் குனிய வெச்சான். போ, போ. குவியலுக்கு இந்தப் பக்கமே நில்லு."

ஹெஸ்ஸா சிரித்துக்கொண்டே ஒரு காலிப் பையை எடுத்துக்கொண்டு போனாள். சரளையில் ஏறி நின்று குனிந்தாள், நிமிர்ந்தாள், பையில் எதையோ போட்டாள். ஒரு தடவை எதையோ கண்டுபிடித்த மாதிரி மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினாள். இலந்தை மரத்துக்குப் பின்னால் இருந்து பார்த்த முக்லிஃபுக்குச் சிரிப்பு வந்தது. நம்ம இரத்தம், பொய்யையும் ஒழுங்காகச் செய்கிறாள் பார் என்று நினைத்தார்.

மேட்டில் நின்ற வண்டி நகரவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெற்கே கவனிக்கவில்லை. முந்தின வாரத்து மழை ஈரம் முழுக்கத் தரையில் இருந்தது. காற்றும் அடங்கிப்போயிருந்தது. மூடுபனி பால் பொங்கி வருவதுபோல் பள்ளத்துக்குள் வந்து, இலந்தை மரத்தை மூடி, சரளைத் தரையை மூடி, மகளை மூடியது. கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது.

அந்த நாட்டில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். மூடுபனியில் யாராவது தனியாக மாட்டிக்கொண்டால் அவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். வண்டியில் இருப்பவர் விட்டு விட்டு ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர் வந்து சேர்வார். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

முக்லிஃப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தார். ஹார்ன்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுத்தார்.

ஹார்ன் அடித்தால் மேட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும். இங்கே ஒரு வண்டி ஒளிந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒளித்து வைத்த வண்டி என்றால் ஒளித்து வைத்த இடம் என்று அர்த்தம். அவர்களும் பாருங்கள், இந்தப் பனியில் ஒரு சத்தமும் காட்டாமல் இருக்கிறார்கள். கேடிகள், நான் சத்தம் கொடுக்கட்டும் என்றுதான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். வெயில் ஏறினால் பனி விலகிவிடும். அதுவரை ஹெஸ்ஸா உட்கார்ந்திருப்பாள். புத்திசாலிப் பெண், எல்லாம் தெரிந்தவள். குவியலுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறாள்.

இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அந்த மனுஷன் உட்கார்ந்திருந்தார். இறங்கிச் சில அடி நடந்து, "ஹெஸ்ஸா, ஹெஸ்ஸா" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் திருட வந்தவன்கூட அதைவிடச் சத்தமாகப் பேசுவான். பதில் இல்லை. திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். வெயில் ஏறவில்லை, பனி இன்னும் தடித்தது. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று அவர் இழுத்துக்கொண்டே போனார். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நேரம் என்று பிற்பாடு யார் கேட்டும் அவரால் சொல்ல முடிந்ததில்லை.

அப்போது ஒரு குரல் வந்தது. மெல்லிசாக, எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல.

"வாப்பா..."

வந்த திசை அவருக்குச் சட்டென்று புரிந்தது. மகள் நின்றிருந்த சரளைத் தரையில் இருந்து வரவில்லை. குவியலுக்கும் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

முக்லிஃப் இரண்டு கையையும் ஹார்ன்மேல் போட்டு அழுத்தினார். எடுக்கவே இல்லை. இடம் போகட்டும், ஃபகா போகட்டும், எல்லாம் நாசமாய்ப் போகட்டும், யா அல்லாஹ், என் பிள்ளையைக் கொடு என்று வாய்விட்டு அழுதார். நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். பதில் இல்லை. பிக்கப்பின் பின்னால் முள்செடியைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார். இரண்டு தடவை விழுந்தார். லேண்ட் க்ரூஸரை அவர் கண்ணால் பார்க்கவில்லை, நெற்றி இடித்த பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடிக்குள் ஒருவன் சீட்டைச் சாய்த்துப் போட்டு, ஆட்டுத்தோல் கோட்டை முகம்வரை இழுத்துவிட்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். இராத்திரி முழுக்க ஓட்டி வந்த களைப்பு. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கேடி இவன்தான். முக்லிஃப் கண்ணாடியில் ஓங்கி ஓங்கி அடித்தார். அவன் திடுக்கிட்டு எழுந்து கதவைத் திறந்தான். பெயர் அபூ நாயிஃப், பருத்த உடம்பு, ஐம்பது வயது இருக்கும்.

"என் மக பனியில மாட்டிக்கிட்டா. வாங்க தம்பி, அல்லாஹ்வுக்காக வாங்க."

அபூ நாயிஃப் பக்கத்துச் சீட்டைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. "என் வீட்டுக்காரி எங்க?" என்றான்.

முக்லிஃப் சரளைத் தரை இருந்த திசையைப் பார்த்தார்.

"தூரத்துல ஒரு பொண்ணு ஃபகா பொறுக்குது, நானும் போயிட்டு வரேன்னு சொன்னா. தனியா நிக்கிற பொண்ணுகிட்ட நான் போறது மரியாதை இல்லன்னு நான்தான் அவளை மேட்டுக்குப் பின்பக்கமா இறக்கி அனுப்பிட்டுக் கண்ணசந்தேன். அந்தப் பொண்ணு உங்க மகளா? அப்ப சரி, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்பாங்க. பயப்படாதீங்கண்ணே. ஃபகா இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியும்ல, அங்கதான் இருப்பாங்க."

"அங்க ஃபகா இல்ல."

"என்ன?"

"அங்க ஒண்ணுமே இல்ல தம்பி. உங்களை அந்தப் பக்கம் திருப்பி விடத்தான் நான் அவளை அனுப்பினேன். அங்க ஒரு தஹல் இருக்கு."

அபூ நாயிஃப் அவருடைய கழுத்துப் பட்டையைப் பிடித்தான். ஒரு நிமிஷம் முக்லிஃப் அடி விழும் என்றே நினைத்தார், விழுந்திருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். அபூ நாயிஃப் கையை விட்டான். "இடம் தெரியும்ல உனக்கு? நட" என்றான். "அண்ணே" என்ற மரியாதை போய்விட்டது.

கயிற்றின் ஒரு முனையை முக்லிஃப் இடுப்பில் கட்டிக்கொண்டார். மறு முனையை அபூ நாயிஃப் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தான். பள்ளத்தோரம், பிறகு சரளை, பிறகு கல் குவியல். முக்லிஃப் குவியலைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதற்குப் பிறகு நடக்காமல் தவழ்ந்தார். கையால் முன்னால் தரையைத் தட்டிப் பார்த்து, பிறகு முட்டியை நகர்த்தினார். பின்னால் இருந்து அபூ நாயிஃப் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

"உம்மு நாயிஃப். அடியே, எங்க இருக்க?"

"இங்கதான்." கிட்டத்திலேயே, மூச்சு முட்டுகிற குரலில் பதில் வந்தது. "நடந்து வராதீங்க. மண்ணு சரியுது. படுத்துக்கிட்டே வாங்க."

"என் மக?" என்றார் முக்லிஃப்.

"என் கையிலதான் இருக்கா. சீக்கிரம் வாங்க, கை மரத்துப்போச்சு. இன்னும் ரொம்ப நேரம் தாங்காது."

முக்லிஃப் வயிற்றால் ஊர்ந்து போனார். முதலில் ஒரு செருப்பு, பிறகு கறுப்பு அபாயா அங்கி. உம்மு நாயிஃப் குப்புறப் படுத்திருந்தாள். தலையும் இரண்டு கையும் பள்ளத்துக்குள் இருந்தன. எட்டிப் பார்த்தார். ஹெஸ்ஸா ஒரு காலை மட்டும் பாறைத் துருத்தல் ஒன்றில் ஊன்றி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளுடைய இரண்டு மணிக்கட்டும் அந்த முன்பின் தெரியாத பெண்ணின் பிடியில். அவளுக்குக் கீழே பனிகூட இல்லை, இருட்டுதான்.

"ஹெஸ்ஸா, வாப்பா வந்துட்டேன்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சுருக்குப் போட்டு இறக்கினார். உம்மு நாயிஃப் ஒரு கையை விட்டால்தான் சுருக்கை ஹெஸ்ஸாவின் அக்குளுக்குள் மாட்ட முடியும். "விடட்டுமா புள்ள?" என்று கேட்டாள். "விடுங்க மாமி" என்றாள் ஹெஸ்ஸா. விட்ட அந்தக் கணத்தில் விளிம்பில் இருந்து மண் கட்டியாக உடைந்து உள்ளே போனது. முக்லிஃப் மகளின் கையைப் பிடித்துச் சுருக்குக்குள் நுழைத்தார். பிறகு மறு கை. "இழு தம்பி" என்று கத்தினார். பின்னால் அபூ நாயிஃப் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் ஊன்றித் தன் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தான். ஹெஸ்ஸாவின் தலை வந்தது, தோள் வந்தது, பிறகு முழுசாக வெளியே வந்து விழுந்தாள்.

நாலு பேரும் தவழ்ந்தே குவியல்வரை வந்து சேர்ந்தார்கள். ஹெஸ்ஸாவின் வலது கணுக்கால் வீங்கிப் பந்தாகியிருந்தது. உம்மு நாயிஃபின் முழங்கையில் தோல் முழுக்க உரிந்திருந்தது. ஆனாலும் அவள்தான் முதலில் பேசினாள். "நல்ல இடமாப் பாத்துத்தான் வந்தேன் போ, ஒரு ஃபகாவுக்கும் வழியில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஹெஸ்ஸா அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

பனி மெல்லக் கலையத் தொடங்கியது. அபூ நாயிஃப் போய் வண்டியை எடுத்து வந்தான். அதற்குள் முக்லிஃப் ஓடிப்போய் ஃபகாச் சாக்கைத் தூக்கி வந்து அவனுடைய வண்டியின் பின்னால் வைத்தார். அபூ நாயிஃப் அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, மனைவி ஏறுவதற்குக் கை கொடுத்தான்.

முக்லிஃப் மகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கோபம்தான் முதலில் வந்தது, பயந்துபோன அப்பன்மாருக்கு வருகிற கோபம். "உன்கிட்ட என்ன சொன்னேன்? குவியலைத் தாண்டாதேன்னு சொன்னேன்ல. பனி வந்தா உக்காரணும்னு உனக்குத் தெரியாதா? எதுக்கும்மா அந்தப் பக்கம் போன?"

"உக்காந்துதான் இருந்தேன்" என்றாள் ஹெஸ்ஸா. "இந்த மாமியும் வந்து சேந்தாங்க. ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். வாப்பா ஹார்ன் அடிப்பாங்க, சத்தம் வந்ததும் போயிடலாம்னு நான்தான் சொன்னேன். வரவே இல்ல. கேட்டுக்கேட்டுப் பாத்தேன், வரவே இல்ல."

முக்லிஃப் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார்.

"என் வாப்பா ஹார்ன் அடிக்காம இருக்கமாட்டாரு, என்னைத் தேடி நடந்து வந்து தஹல்ல விழுந்திருப்பாருன்னு இவங்ககிட்ட சொன்னேன். போகாதே, போகாதேன்னு பிடிச்சு இழுத்தாங்க. உதறிட்டு உங்களைத் தேடித்தான் போனேன். எட்டிப் பாத்து வாப்பான்னு கூப்பிட்டேன். மண்ணு உடைஞ்சுது. பின்னாலயே வந்த மாமிதான் எட்டிக் கையைப் பிடிச்சாங்க."

அவரிடம் சொல்வதற்கு ஒரு பொய் தயாராக இருந்தது. பனி சத்தத்தைக் குடித்துவிடும், நான் அடித்தது உனக்குக் கேட்டிருக்காது என்று சொல்லியிருக்கலாம். ஊரில் யாரும் நம்புவார்கள்.

"அங்க தொங்கிட்டிருக்கும்போதுதான் ஹார்ன் கேட்டுச்சு" என்றாள் ஹெஸ்ஸா. "நல்லாத் தெளிவாக் கேட்டுச்சு. வாப்பா உயிரோட இருக்காருன்னு முதல்ல சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, அதுவரைக்கும் வண்டியிலயேதான் இருந்திருக்கீங்கன்னு."

"இவங்களுக்குக் கேட்டுடும்னு பயந்துட்டேன்மா" என்றார் முக்லிஃப்.

அவள் தலையை ஆட்டினாள். கணுக்காலைத் தரையில் ஊன்றாமல் எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. முக்லிஃப் அவசரமாகக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"மாமி, என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றாள்.

தோல் உரிந்த கையோடு உம்மு நாயிஃப் வண்டியில் இருந்து இறங்கி வந்தாள்.